அல்மோராவில் வாங்கிய செம்பு விளக்கு

அல்மோராவில் இருந்த ஆறு நாளும் காலைக் காபி நேரத்தில் என் கணவர் போன் செய்தார். மலையில் காலை ஏழு மணி என்றால் டெக்சாஸில் முந்தின நாள் இரவு எட்டரை. குளிருகிறதா, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்கமாட்டார். வீட்டில் அவரைத் தவிர ஆள் கிடையாது, பையன் காலேஜ் விடுதியில் இருக்கிறான். ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசுவார்.

"சொல்லிடலையே?"

"இல்ல."

"குட். இன்னும் மூணே வாரம். க்ளோசிங் முடியற வரைக்கும் வாயைக் கொஞ்சம் கன்ட்ரோல் பண்ணிக்கோ."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் என் இரண்டு தோழிகளும் மொட்டை மாடி வெயிலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "என்னவாம்?" என்று ஒருத்தி கேட்பாள். டிஷ்வாஷர் சோப் எங்கே இருக்கிறது என்று கேட்டார் என்பேன். மறுநாள் நகவெட்டி. அதற்கு மறுநாள் தபால் பெட்டிச் சாவி. இப்படி நான் பாவம் அந்த மனிதரைக் கையாலாகாதவராக ஆக்கிக்கொண்டிருந்தேன்.

சொல்லக் கூடாத விஷயம் இதுதான். நாங்கள் டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருக்கும் வீட்டை விற்றுவிட்டு ஒரேயடியாகக் கோவைக்குத் திரும்புகிறோம். வாங்குகிறவர் கிடைத்துவிட்டார், கையெழுத்தும் போட்டுவிட்டார். அவருடைய பேங்க் லோன் வந்து, வீடு முறைப்படி கைமாறும் நாளுக்குத்தான் க்ளோசிங் என்று பெயர். அதுவரைக்கும் எது வேண்டுமானாலும் கெட்டுப்போகலாம். அதனால் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. கண்ணு பட்டுவிடும்.

சிரிக்கலாம். எங்களில் பாதிப் பேர் சிலிக்கான் சில்லு செய்கிற கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். ஆனால் கிரீன் கார்டு, புது வேலை, வீடு, பிள்ளைகளின் காலேஜ் இந்த நான்கையும் கையில் வந்து விழுகிறவரை நாங்கள் யாரிடமும் சொல்லமாட்டோம். முன்பு நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் நாங்கள் இருந்த காலத்தில் ஒருவர் கிரீன் கார்டு கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று மைசூர்பாகு கொடுத்தார். அடுத்த வாரமே கூடுதல் ஆதாரம் கேட்டு அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. அவர் அதிலிருந்து மீள இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த மைசூர்பாகைத் தின்றவர்கள் யாரும் அதை மறக்கவில்லை.

என் இரண்டு தோழிகளையும் முதலில் பார்த்தது அந்த எடிசனில்தான், அபார்ட்மெண்ட் கட்டடத்தின் அடித்தளத்தில், துணி துவைக்கிற மிஷின்கள் இருந்த அறையில். மூவருக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேலை செய்ய விசா கிடையாது. கணவர்கள் ரயில் பிடித்து மன்ஹாட்டன் போன பிறகு எங்களுக்கு இருந்தது அந்த அறையும் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளும்தான். நான் என் கணவரின் வெள்ளைச் சட்டைகளோடு சிவப்புத் துண்டைப் போட்டுவிட்டு விழித்தபோது, திருநெல்வேலிக்காரி ஒருத்தி சத்தமாகச் சிரித்தாள். திருச்சிக்காரி ஒருத்தி சிரிக்காமல் தன் ப்ளீச் பாட்டிலை நீட்டினாள். அன்றைக்கு ஆரம்பித்தது.

இப்போது திருநெல்வேலிக்காரி எடிசனிலேயே இருக்கிறாள். திருச்சிக்காரி கலிபோர்னியாவில், சான்டா கிளாராவில். அதனால் எடிசன்காரி, சான்டா கிளாராக்காரி என்றே எங்களுக்குள் பெயர். நான் ரவுண்ட் ராக். எடிசன்காரி காதில் ஒரு விஷயம் விழுந்தால் அன்று சாயங்காலத்துக்குள் ஓக் ட்ரீ ரோட்டில் வெண்டைக்காய் பொறுக்குகிறவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அவளால் முடியாது, அவ்வளவுதான். என் கணவர் பயந்தது குறிப்பாக அவளுக்கு.

ஆனால் நான் பயந்தது வேறு விஷயத்துக்கு. அதற்கு இட்லிக் குக்கர் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் டெக்சாஸ் போன பிறகும் அவர்கள் இருவரும் எடிசனில் ஒரே கட்டடத்தில், மேல் வீடும் கீழ் வீடுமாகப் பல வருஷம் குடியிருந்தார்கள். ஒருத்தி குழந்தை பெற்றபோது மற்றவள்தான் பத்தியச் சமையல் செய்தாள். பிறகு சான்டா கிளாராக்காரியின் கணவருக்குக் கலிபோர்னியாவில் வேலை கிடைத்தது. வழக்கப்படி அவர்கள் வாய் திறக்கவில்லை. எடிசன்காரி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து நியூவர்க் விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்து நிற்கும்போது போனைத் திறந்தால், அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் ஒரு மூவிங் சேல் விளம்பரம், வீடு காலி செய்கிறவர்கள் சாமான்களை விற்பது. பீன் பேக், குழந்தை சைக்கிள், மேஜை விளக்கு, இட்லிக் குக்கர். அந்த இட்லிக் குக்கர் அவளே ஊரிலிருந்து தூக்கி வந்து சான்டா கிளாராக்காரிக்குக் கொடுத்தது. கைப்பிடியில் அவள் சுற்றிய நீலக் கயிறுகூட அப்படியே இருந்தது.

ஒன்றரை வருஷம் இருவரும் பேசவில்லை. நடுவில் நான் தூது போனேன். பிறகு ஒருவழியாகச் சமாதானமானார்கள், ஆனால் எடிசன்காரி அதை விட்டபாடில்லை. எந்தப் பேச்சும் கடைசியில், "என் குக்கரை எனக்கே விக்கப் பாத்தவதான நீ" என்று வந்து நிற்கும். அந்த நாளில் ஒரு தடவை போனில் என்னிடம் அழுதபடி சொன்னாள், "கண்ணு படும்னு ஊருக்குச் சொல்லாம இருக்கட்டும்ட்டி. நானும் ஊரா? நீயும் ஒருநா எனக்கு இப்படிப் பண்ணிட்டேன்னா, அதோட எனக்கு பிரெண்டுன்னு யாரும் வேண்டாம்."

அதை அவள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. சொன்னால் கணவருக்குக் கொடுத்த வாக்கு போச்சு, விஷயமும் வெளியே போகும். சொல்லாவிட்டால் ஒரு நாள் என் வீட்டுச் சோபாவின் படத்தை அவள் வாட்ஸப்பில் பார்ப்பாள். இந்த லட்சணத்தில்தான் நான் இமயமலைக்கு ஓய்வெடுக்கப் போனேன்.

போகலாம் என்று மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம். கணவர்களும் பிள்ளைகளும் இல்லாமல், கோவில் குளம் இல்லாமல், சொந்தக்காரர் கல்யாணம் இல்லாமல், இந்தியாவில் ஒரு வாரம். அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் மூவருக்கும் லீவு கிடைத்தது. நான் ஒரு வாரம் முன்னாலேயே கோவைக்கு வந்து, பூட்டிக் கிடந்த எங்கள் ஃபிளாட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டு டெல்லிக்குப் போனேன். தோழிகளிடம் அம்மாவைப் பார்க்கப் போனதாகச் சொன்னேன். அம்மாவையும் பார்த்தேன்தான்.

எனக்கு ப்ராஜெக்ட் மேனேஜர் வேலை. ஆறு நாளையும் அரை மணி அரை மணியாகப் பிரித்து எக்செல்லில் அட்டவணை போட்டு, பிரிண்ட் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். அதில் செவ்வாய்க்கிழமை மூன்று முதல் மூன்றரை வரை 'ரிலாக்ஸ்' என்று எழுதியிருந்தேன். காத்கோதாம் ஸ்டேஷனில் இறங்கி டாக்சியில் மலையேறும்போது சான்டா கிளாராக்காரிக்கு வளைவுகளில் குமட்டியது. எடிசன்காரி தன் அட்டவணையைக் கூம்பாகச் சுருட்டி அவளிடம் நீட்டினாள். மிச்சம் இரண்டில் ஒன்று ஆரஞ்சுத் தோல் போட உதவியது. கடைசியாக இருந்த என் பிரதியைத் தங்கும் விடுதியின் சமையல்காரர் அடுப்புப் பற்றவைக்கக் கேட்டார். கேட்டாரா, இவர்கள் சொல்லிக் கேட்கவைத்தார்களா என்று இன்றுவரை தெரியாது.

விடுதி ஊருக்கு மேலே தேவதாரு மரங்களுக்கு நடுவில் இருந்தது. நான்கே அறை, பெரிய மொட்டை மாடி. எதிரே வரிசையாகப் பனிமலை தெரியும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். முதல் மூன்று நாளும் மேகம்தான் தெரிந்தது. "மேடம்ஜி, நாளைக்குத் தெரியும்" என்று சமையல்காரர் தினமும் இந்தியில் சொன்னார். எடிசன்காரிதான் மொழிபெயர்த்தாள். அவள் இந்தி ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடைகளில் கற்றது. பேரம், காய்கறி, பருப்பு வகைகள் இவற்றில் அடித்து வீசுவாள். மற்ற விஷயங்களில் பாதி குஜராத்தி கலந்துவிடும். சமையல்காரர் அவளை அகமதாபாத் என்றே நினைத்துக்கொண்டார், கடைசிவரை டீயில் எங்களைவிட அவளுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போட்டார்.

அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை, அதுதான் அதன் அருமை. காலையில் வெயில் மாடியின் இடது மூலையில் விழும், நாற்காலிகளை அங்கே இழுப்போம். பத்து மணிக்கு அது நடுவுக்கு வரும், நாங்களும் வருவோம். சான்டா கிளாராக்காரி கோவையிலிருந்து நான் கொண்டுபோன காபிப் பொடியில் டிகாஷன் போடுவாள். எடிசன்காரி ஆரஞ்சு உரிப்பாள். சூடான ஆலுப் பரோட்டாவுக்கு அவள் எடிசனில் வாங்கிய மாவடு ஊறுகாய். இந்தியாவில் விளைந்து, எடிசனுக்குப் போய், அங்கிருந்து எடிசன்காரியின் பெட்டியில் இமயமலைக்கு வந்த மாவடு அது. "இங்க நல்ல ஊறுகாய் கிடைக்குமோ என்னமோன்னு கொண்டாந்தேன்" என்று அவள் கூச்சமே இல்லாமல் சொன்னாள். தயவுசெய்து இதை வெளியில் சொல்லாதே என்றேன்.

பிள்ளைகள் வீடியோவில் வந்தார்கள். எடிசன்காரியின் மகள், "அம்மா, ஆர் யூ இன் அ ப்ளாங்கெட்?" என்று கேட்டாள். "குளிருதுட்டி, வெளிய இருக்கோம்" என்றாள் இவள். "தென் கோ இன்சைட்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். இதற்கு நாங்கள் மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். உள்ளே போயிருக்கலாம்தான். எங்களுக்குத் தோன்றவே இல்லை.

சொல்லிவிடலாம் என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாம் நாள் நடக்கப் போனபோது, வாயெடுத்தேன். "உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு விஷயம்..." என்று ஆரம்பிப்பதற்குள் ஒரு குரங்கு வந்து சான்டா கிளாராக்காரியின் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிடுங்கியது. அவள் குரங்கைப் பார்த்து, "எக்ஸ்க்யூஸ் மீ!" என்று கத்தினாள். அந்த நாள் முழுக்க அதே பேச்சு. மூன்றாம் நாள் மாடியில் கொஞ்சம் அமைதியாக இருந்தபோது மறுபடியும் தொண்டையைச் செருமினேன். போன் அடித்தது. கோவை பெயிண்டர், போனுக்கு வெளியேயும் கேட்கிற குரல்.

"ஏனுங்க்கா, ஹாலுக்கு ஐவரி அடிச்சரலாங்களா, இல்ல ஆஃப் வொய்ட்டுங்களா?"

"ராங் நம்பர்ங்க" என்றேன்.

"இல்லீங்க்கா, நாந்தானுங்!"

கட் செய்தேன். அவர் திரும்பத் திரும்ப அடித்தார், பாவம், நல்ல மனிதர். "ஸ்பேம் காலா? ப்ளாக் பண்ணிடேன்" என்று சான்டா கிளாராக்காரி அக்கறையாகச் சொல்லி, என் போனை வாங்கி அவளே ப்ளாக் பண்ணியும் கொடுத்தாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நான் அந்த ப்ளாக்கை எடுத்துவிட்டு, ஐவரி என்று மெசேஜ் அனுப்பினேன்.

எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. ஆபீஸில் இருபது பேர் நடுவில் ப்ராஜெக்ட் தள்ளிப்போகிறது என்று முகத்துக்கு நேரே சொல்கிறவள் நான். இந்த இரண்டு பேரிடம் ஒரு வாக்கியம் வரவில்லை.

நான்காம் நாள் கடைவீதிக்கு இறங்கினோம். அல்மோரா கடைவீதி கல் பாவிய நீளமான தெரு, கார் போகாது. முதலில் பால் மிட்டாய் வாங்கினோம். பழுப்பு நிறப் பால்கோவா கட்டிமேல் வெள்ளைச் சர்க்கரை மணிகளை உருட்டியது. சான்டா கிளாராக்காரி, "ஆபீஸுக்கு ஒரு பாக்ஸ், பக்கத்து வீட்டுக்கு ஒரு பாக்ஸ்" என்று அடுக்கினாள். எடிசன்காரி கம்பளிச் சால்வைகளைப் பிரித்துப் போட்டு ஒரு கடைக்காரரைக் களைப்படைய வைத்தாள். இருவர் கையிலும் பை நிறைந்தது. நான் வெறும் கையோடு நடந்தேன்.

"ஏன் நீ ஒண்ணுமே வாங்கல?" என்றாள் சான்டா கிளாராக்காரி.

"பெட்டில வெயிட் ஏறிடும்" என்றேன்.

பிறகுதான் அந்தச் செம்புக் கடை வந்தது. அந்த ஊரில் செம்பு வேலை பிரசித்தம். குடம், தட்டு, தண்ணீர் பாட்டில் இவற்றுக்கெல்லாம் மேலே, மேல் தட்டில் ஒரு மேஜை விளக்கு இருந்தது. தட்டித் தட்டிச் செய்த செம்புக் குடை, அதில் சிறு சிறு ஓட்டைகள். கடைக்காரர் சுவிட்சைப் போட்டார். சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்தது. எனக்கு அந்த நிமிஷமே கோவை ஹாலின் கிழக்கு மூலை தெரிந்தது. ஐவரி சுவர், பக்கத்தில் என் நாற்காலி, இந்த விளக்கு. அப்படி ஒரு சந்தோஷம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வீட்டுக்காக இப்படி ஆசைப்பட்டு நான் எதையும் வாங்கியதில்லை.

எடிசன்காரி பேரம் பேசி முடித்தாள். நாங்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்று கடைக்காரர் அதற்குள் தெரிந்துகொண்டிருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருகிற கடை போலிருக்கிறது. மேஜைக்குள்ளிருந்து தட்டைக் கம்பி வைத்த அமெரிக்க பிளக்கும், அந்த ஊர் பல்பு திருகுகிற ஹோல்டரும் எடுத்துக் காட்டினார். இதை எடுத்துவிட்டு அதை மாட்டித் தருகிறேன், ஐந்து நிமிஷம், காசு வேண்டாம் என்றார். எடிசன்காரி எனக்குத் தமிழில் சொன்னாள்.

நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வேண்டாம் வேண்டாம், இந்த ரவுண்ட் பின்னே இருக்கட்டும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஊரிலிருந்து ஒரு மிக்ஸி கொண்டுபோவதென்றால்கூட அமெரிக்காவில் ஓடுகிற நூற்றுப் பத்து வோல்ட்டா என்று மூன்று தடவை கேட்டு வாங்குகிற கூட்டம் நாங்கள். எந்த முட்டாள் ரவுண்ட் பின் விளக்கை டெக்சாஸுக்குத் தூக்கிக்கொண்டு போவாள்? எடிசன்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அங்க போயி நாங்களே மாத்திக்கறோம், அவருக்கு இதெல்லாம் ஹாபி" என்று உளறினேன்.

நகவெட்டியைத் தேடத் தெரியாத மனிதர் என்று நான் ஊரைக் கூட்டிச் சொன்னவருக்கு, ஒயரிங் ஹாபி.

எடிசன்காரி கடைக்காரரிடம் அப்படியே கட்டித் தரச் சொன்னாள். மேலே விடுதிக்கு ஏறுகிற வழியில் பொட்டலத்தை என்னிடம் தராமல் தானே தூக்கி வந்தாள். மூச்சு வாங்கியது, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். நான் கேட்டும் கொடுக்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் அதன் பிறகு அவள் ஒரு தடவைகூட இட்லிக் குக்கரைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் முழுக்கப் பேசவில்லை. அது எனக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது, அதற்குமேல் யோசிக்க நான் தயாராக இல்லை.

ஆறாம் நாள், கடைசிக் காலை. கதவைத் தட்டி எழுப்பியவர் சமையல்காரர். வெளியே வந்தால் மேகம் போன இடம் தெரியவில்லை. எதிரே கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பனிமலை. திரிசூல், நந்தா தேவி என்று அவர் ஒவ்வொன்றாக விரல் நீட்டினார். முதலில் ஒரு முனை ஆரஞ்சானது, பிறகு அடுத்தது, பிறகு எல்லாமே. நாங்கள் மூவரும் செருப்புகூடப் போடாமல் மாடியில் நின்றோம். சான்டா கிளாராக்காரி போட்டோ எடுக்க மறந்துபோனாள். அவள் அப்படி மறந்து நான் பார்த்ததில்லை.

அப்போது போன் அடித்தது. ஏழு மணி. எடுத்தேன்.

"சொல்லிடலையே?"

"இரு, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். இனி தள்ளிப்போட எனக்குத் தெம்பு இல்லை.

"நாங்க இந்தியாவுக்கே வந்துடறோம்" என்றேன். "வீட்டை வித்தாச்சு. மூணு வாரத்துல க்ளோசிங். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த விளக்கு கோயம்புத்தூர் ஹாலுக்கு."

சான்டா கிளாராக்காரி வாயைப் பிளந்தாள். "என்னது? எப்போ? எனக்கு எதுவுமே தெரியல!" என்றாள். பிறகு சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு என்ன ஞாபகம் வந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

எடிசன்காரி மலையைப் பார்த்தபடியே நின்றாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "ரவுண்ட் பின்னுன்னு சொன்னேல்லா, அப்பவே. ரெண்டு நாளா பாத்துக்கிட்டே இருக்கேன், சொல்லுவாளா மாட்டாளான்னு. இன்னைக்கு கார்ல ஏறுத வரைக்கும் டைம் குடுத்திருந்தேன்."

"ஏறின பிறகு?"

"ஏறின பிறகு என்ன, உன் நம்பரை ப்ளாக் பண்ணியிருப்பேன். பெயிண்டரை ப்ளாக் பண்ணின மாதிரி." அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "ராங் நம்பர்காரன் எதுக்குட்டி அக்கான்னு கூப்பிடுதான்?"

சிரித்தேன். சிரிக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. சால்வை முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் போயிட்டீங்க. இப்ப நீ இன்னும் தூரமாப் போற. நான் மட்டும் அந்த லாண்டரி ரூமுக்கு மேலயே உக்காந்திருக்கேன்" என்றாள். அவளுக்கு இப்போது சொந்த வீட்டில் இரண்டு வாஷிங் மிஷின் இருக்கின்றன. ஆனாலும் அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. சான்டா கிளாராக்காரி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியா?" என்று எடிசன்காரி அவளிடம் திரும்பினாள். "இப்படித்தான் சொல்லணும். வாயால. போட்டோ போட்டு இல்ல."

"சாரி" என்றாள் சான்டா கிளாராக்காரி. எட்டு வருஷத்தில் எத்தனையோ தடவை சொன்னதுதான். அன்றைக்குத்தான் எடிசன்காரி, "சரி, விடு" என்றாள்.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தபோது அவள் முகம் மாறியது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வேற யாருக்குச் சொன்ன?"

"யாருக்கும் இல்ல."

"சொல்லாத. க்ளோசிங் முடியற வரைக்கும் மூச்சு விடாத. லோன் விஷயம், கண்ணு பட்டுரும்."

எங்களால் நிற்க முடியவில்லை, அப்படிச் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. சமையலறைக்குள் போய்க் கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் கேட்டாள். எதற்கென்று இந்தியில் சொல்ல வார்த்தை வராமல், கையை என் தலையைச் சுற்றிக் காட்டினாள். சமையல்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. "நஜர்?" என்றார், திருஷ்டிக்கு இந்தியில் அதுதான் வார்த்தை. தானாகவே ஒரு பிடி கடுகையும் சேர்த்துக் கொடுத்தார். பனிமலையைப் பார்க்க என்னை உட்காரவைத்து மூன்று சுற்றுச் சுற்றி, அடுப்பில் போட்டாள். விடுதி முழுக்கக் கமறியது. பக்கத்து அறை டெல்லித் தம்பதி இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார்கள்.

போன் மறுபடியும் அடித்தது. என் கணவரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"என்ன ஆச்சு? ஏன் வெச்சுட்டே? சொல்லிடலையே?"

நான் பதில் சொல்வதற்குள் எடிசன்காரி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அண்ணா, நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். நீங்களும் வாயை வெச்சிக்கிட்டுச் சும்மா இருங்க" என்றாள்.  எதிர்முனையில் அவர் மெதுவாக, "சரிம்மா" என்றார்.

நான் ரவுண்ட் ராக் திரும்பிய பிறகு என் கணவர் தினமும் என்னைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எடிசன் பூரா இந்நேரம் தெரிஞ்சிருக்கும்" என்றார். எனக்கும் பயம்தான், பொய் சொல்லவில்லை. வாங்குகிறவரின் பேங்க் வேறு இரண்டு தடவை புதுப்புதுக் காகிதம் கேட்டது. எடிசனிலிருந்து யாராவது வாட்ஸப்பில் ஹாய் என்று எழுதினாலே, விஷயம் தெரிந்துதான் கேட்கிறார்களோ என்று அதை நாலு தடவை படித்துப் பார்த்தேன். ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை.

க்ளோசிங் அன்று கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்தோம். என் கணவர் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் எங்கள் மூவர் குரூப்பில், முடிஞ்சது என்று போட்டேன். சான்டா கிளாராக்காரி பத்து இதயம் அனுப்பினாள். எடிசன்காரி அப்போதே போன் செய்துவிட்டாள். ரயிலில் இருந்தாள், தடதடவென்று சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதா? முழுசா முடிஞ்சுதா?"

"சாவியே குடுத்தாச்சு."

"அப்பாடா" என்றாள். "இன்னைக்குத்தான் எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லணும். இத்தனை நாளா அவர்கிட்டகூட நான் சொல்லலட்டி."